பிக்கப் முதுகில் ஒரு வீடு: எடை, முறுக்கு, ஈரம்

கேள்வி: ஒரு டன் வகை டபுள் கேப் பிக்கப் வைத்திருக்கிறேன். இரண்டு பேர் படுக்க, சமைக்க ஏற்ற கேம்பர் ஒன்றை அதன் மேல் நானே கட்டப் போகிறேன். பனி, வெயில், கரடுமுரடான மண் பாதை எல்லாவற்றுக்கும் தாங்க வேண்டும். அலுமினியச் சட்டம், வெளியே தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் 80 மில்லிமீட்டர் ஃபோம், 5 கிலோவாட் டீசல் ஹீட்டர் என்று திட்டம். நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம் என்றிருக்கிறேன். சரியாக வருமா?

பதில்: சட்டம், ஃபோம், ஹீட்டர், போல்ட் நான்கையும் மாற்றச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏறக்குறைய இதே திட்டத்தோடுதான் என் முதல் பெட்டியை நானும் கட்டினேன். முதல் குளிர் இரவில் விழித்துப் பார்த்தால், உள்சுவரில் ஒவ்வொரு ரிவெட் தலையிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. தொட்டுப் பார்த்தேன், உறைபனி. காலையில் ஹீட்டரைக் கூட்டியதும் அத்தனையும் உருகி மெத்தை மேல் சொட்டியது. அதை அப்புறம் பார்ப்போம். சுவருக்கு முன்னால் எடை.

பேலோட், அதாவது வண்டி சுமக்கலாம் என்று அனுமதித்த எடை, 950 கிலோ என்று வண்டியின் ஏட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவர் 150 கிலோ. முன்பக்க இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் 90. தண்ணீர் 80 லிட்டர், அதாவது 80 கிலோ. உபரி டீசல் 40 லிட்டர், 34 கிலோ. துணி, சாப்பாடு, கருவிகள் 100. மீதி 496 கிலோ. கரடான பாதைக்குப் பத்து சதவீதமாவது கையிருப்பு வேண்டும். ஆக, கட்டில், அடுப்பு, பேட்டரி, சோலார் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு உங்களிடம் இருப்பது 400 கிலோ. பிளைவுட் கனவு பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.

ஏட்டுக் கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். சில நிறுவனங்கள் டிரைவரையும் டீசலையும் காலி எடையில் சேர்க்கும், சில சேர்க்காது. எடை மேடைக்குப் போய் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். பலர் கோட்டைவிடுவது பின் ஆக்சிலில்தான். ஆக்சில்களுக்கு இடையே 3.1 மீட்டர் என்றால், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் நீங்கள் தொங்கவிடும் 100 கிலோ, அந்த ஆக்சிலில் 132 கிலோவாக இறங்கும். முன்னால் 32 கிலோ குறையும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். ஸ்டெப்னியும் இரண்டு டீசல் கேனும் அவற்றைத் தாங்கும் இரும்புமே 100 கிலோவைத் தொடும். தண்ணீர் டேங்க், பேட்டரி போன்ற கனமான சாமான்கள் பின் ஆக்சிலுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். பட்டை ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் உட்காரும் உயரம் மாறுமே தவிர, ஆக்சிலின் அனுமதி எடை கூடாது.

அடுத்தது போல்ட். ஒரு பள்ளத்தில் வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் இறங்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். சமதரையில் ஒரே அளவாக இருந்தது, இப்போது மேலே ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகியிருக்கும். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொள்கிறது, அப்படி முறுக்கிக்கொள்ளத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உங்கள் பெட்டியோ ஒட்டி மூடிய பெட்டி, அது முறுக்காது. நான்கு மூலையில் இறுக்கினால் இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்கும். பெரும்பாலும் பெட்டியின் மூலை விரியும், இல்லையென்றால் போல்ட் போட்ட இடத்தில் சேசிஸிலேயே விரிசல் விழும்.

பின்தொட்டியைக் கழற்றிவிடுங்கள். அதன் எடையும் மிச்சம், சக்கர வளைவுகள் விழுங்கும் இடமும் மிச்சம். அங்கே, பெட்டியைத் தாங்க, ஒரு துணைச்சட்டம் வையுங்கள். பின்பக்கம் சேசிஸோடு இறுக்கமான பிடிப்பு, முன்பக்கம் கெட்டியான சுருள் ஸ்பிரிங் கோத்த போல்ட். சேசிஸ் முறுக்கும்போது துணைச்சட்டம் முன்பக்கம் சில சென்டிமீட்டர் தூக்கிக்கொடுத்துவிட்டு, பிறகு தானாக உட்கார்ந்துகொள்ளும். கேபினிலிருந்து பெட்டிக்குள் போக வழி வேண்டுமென்றால் அந்த இணைப்பு ரப்பர் மடிப்பாகத்தான் இருக்க வேண்டும். எனக்குக் கேட்டால் அந்த வழியே வேண்டாம் என்பேன். ஒழுகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

இப்போது சுவர். அலுமினியம் ஃபோமைவிடச் சுமார் 5,000 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எவ்வளவு தடிமனாக ஃபோம் வைத்தாலும் உள்தோலையும் வெளித்தோலையும் அலுமினியச் சட்டம் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கோடு முழுக்கக் குளிர் உள்ளே வரும். இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் தோலிலும் அரை லிட்டருக்கு மேல் நீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் பூக்கும். கண்ணுக்குத் தெரியும் ரிவெட்டில் பூத்தால் துடைத்துவிடலாம். பிளைவுட்டுக்குப் பின்னால் பூத்தால் இரண்டு வருடம் கழித்து வாசனையில்தான் தெரியவரும்.

அதனால் சட்டமே இல்லாத சாண்ட்விச் பலகைதான் என் தேர்வு. இரண்டு பக்கம் ஃபைபர் கிளாஸ் தோல், நடுவில் நீர் உறிஞ்சாத எக்ஸ்.பி.எஸ். ஃபோம் 40 மில்லிமீட்டர். மூலைகளில் ஃபைபர் கிளாஸ் கோணம், பாலியூரிதேன் பசை. கீலும் கொக்கியும் வரும் இடங்களில் ஃபோமைக் குடைந்து அடர்த்தியான பாலியூரிதேன் கட்டை பதியுங்கள், அலுமினியக் கட்டை வேண்டாம். சுவரைத் துளைத்துப் போகும் திருகு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அலுமினியத்தை விட மனமில்லை என்றால், சட்டத்துக்கு உள்பக்கம் 20 மில்லிமீட்டர் ஃபோமாவது இடைவெளியின்றி ஓட்டுங்கள்.

80 மில்லிமீட்டர் ஏன் வேண்டாம்? உங்கள் பெட்டியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வரும். வெளியே மைனஸ் 15, உள்ளே 20 டிகிரி என்றால் 40 மில்லிமீட்டர் சுவர் வழியாகச் சுமார் 650 வாட் போகும். ஜன்னலுக்கு 100, காற்றோட்டத்துக்கு 240. ஆக ஒரு கிலோவாட். ஃபோமை இரட்டிப்பாக்கினால் 300 வாட் குறையும். பத்து மணி நேரத்துக்கு அரை லிட்டர் டீசல்கூட மிச்சமாகாது. அதற்கு விலையாக அகலத்தில் 8 சென்டிமீட்டர் போய்விடும். குறுக்கே படுப்பவருக்கு அது கால் நீட்டும் இடம்.

ஹீட்டரும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஒரு கிலோவாட் தேவைக்கு 5 கிலோவாட் ஹீட்டர், குறைந்த ஓட்டத்திலேயே அளவுக்கு மேல் சூடாக்கி அணைந்து அணைந்து எரியும். உள்ளே கரி படியும். இரண்டு கிலோவாட் போதும், அதையும் அவ்வப்போது முழு வேகத்தில் ஓட விடுங்கள். உயரமான மலைகளில் காற்று மெலிவதால் டீசல் அரைகுறையாக எரியும், உயரத்துக்கேற்பச் சரிசெய்துகொள்ளும் மாடலாக வாங்குங்கள். படுக்கும் முன் புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது பழக்கமாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

ஈரத்தை வெளியேற்ற, கடுங்குளிரிலும் மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு விரலளவாவது திறந்திருக்க வேண்டும். மேலே கணக்கில் வந்த 240 வாட் இதற்குத்தான், அதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மெத்தையைப் பலகை மேல் நேராகப் போடாமல் இடைவெளி விட்ட சட்டங்கள் மேல் போடுங்கள்.

லித்தியம் பேட்டரி பெட்டிக்கு உள்ளேதான். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம், சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். ஹீட்டர் ஓடாமல் கிடந்த வண்டியின் சோலார் பலகையில் காலை வெயில் விழும் நேரம்தான் ஆபத்து, குளிரில் சார்ஜைத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய்களைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். உறைவதற்கு முன் தண்ணீரை வடித்துவிட, தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் திருகு போதும். சமையலுக்குக் கேஸ் என்றால் புரொபேன், மைனஸ் 42 வரை ஆவியாகும். பியூட்டேன் பூஜ்ஜியத்திலேயே படுத்துவிடும்.

வெயில் காலத்துக்கு வெள்ளைக் கூரை, எதிரெதிர் ஜன்னல், கூரையில் ஒரு விசிறி போதும். புழுதிதான் தொல்லை. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் பின்கதவு இடுக்கு வழியாகப் புழுதியை உறிஞ்சும். கூரையில் முன்நோக்கிய ஒரு காற்றுவாயை வைத்து, கீழே உள்ளதை மூடிவிட்டு ஓட்டினால், உள்ளே அழுத்தம் சற்று ஏறி புழுதி வெளியிலேயே நின்றுவிடும்.

பலகையை அறுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போதிருக்கும் தொட்டியில் 400 கிலோ மணல் மூட்டையும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றி, அசையாமல் கட்டி, நீங்கள் போக நினைக்கும் மாதிரிப் பாதையில் இரண்டு நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து பின் ஆக்சிலை எடை போட்டுவிட்டு அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள், பட்டை ஸ்பிரிங்கைப் பற்றி அப்புறம் பேசலாம்.