மேஜைக்கும் நாடித் துடிப்பு உண்டா?

கேள்வி: 72 வயதாகும் என் அப்பாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். குளிக்கப் போகும்போது கழற்றி மேஜையில் வைத்தார். அப்போதும் துடிப்பு 78 என்று காட்டியது! இதை நம்பி மாத்திரை விஷயத்தில் முடிவெடுக்கலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரை விஷயத்தில் வேண்டவே வேண்டாம் அம்மா.

நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் ஈ.சி.ஜி. மெஷின் பழுது பார்த்தவன். "கோடு ஆடுது சார்" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மெஷினில் ஒன்றும் இருக்காது. ஜெல்லி காய்ந்திருக்கும், அல்லது நெஞ்சில் ஒட்டும் ரப்பர் பல்பு தளர்ந்திருக்கும். தோலைச் சரியாகத் தொடாத கருவி எதையாவது வரைந்துகொண்டேதான் இருக்கும்.

வாட்சின் அடியில் மினுங்கும் பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். இந்த மாற்றம் மிகச் சிறியது. அதனால் வாட்ச் அதைப் பல மடங்கு பெருக்கி, அதில் தாளம் தேடுகிறது. மேஜையும் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஓரத்தில் கசியும் டியூப்லைட் வெளிச்சம், மின்சுற்றின் சொந்த இரைச்சல் எல்லாவற்றையும் பெருக்கினால் அதிலும் ஒரு தாளம் அகப்பட்டுவிடும். சில வருடங்களுக்கு முன் சீனாவில் டாய்லெட் பேப்பர் உருளையில் மாட்டிப் பார்த்தார்கள்; அதற்கும் 'துடிப்பு' வந்தது.

ஆகவே துடிப்பை எண்ணுவதற்கு முன், தான் தோலின்மேல்தான் இருக்கிறோமா என்று கருவி பார்த்துக்கொள்ள வேண்டும். அகச்சிவப்பு ஒளியை மட்டும் நம்பினால், எதிரே ஏதோ இருக்கிறது என்று தெரியும். தோலா பலகையா என்று தெரியாது. போன் திரை விரலை உணரும் மின்தேக்க முறையைச் சேர்த்தால் நிலைமை மாறும். உடம்பில் தண்ணீர் அதிகம்; அதனால் தோலருகே மின்தேக்க அளவு கூடும். காய்ந்த மரமும் காகிதமும் அந்த அளவைத் தராது. ஈரத்துணி ஏமாற்றலாம். அதற்குத்தான் வெப்பநிலையையும் அசைவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மெலிந்த மணிக்கட்டில் வாட்ச் தொட்டும் தொடாமலும் கிடக்கும். எவ்வளவு நன்றாகத் தொடுகிறது என்று கருவி தரம் பார்த்து, மோசமாக இருந்தால் எண்ணுக்குப் பதில் '--' என்று வெறும் கோடு காட்ட வேண்டும். வெறும் கோட்டைப் பார்த்தால் வாங்கியவர் குறை சொல்வார்தான். அதற்காகத் தப்பான எண்ணைக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்காத பெரியவர்களை எனக்குத் தெரியும்.

அப்பா மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் தள்ளி, முழங்கைப் பக்கமாகக் கட்டட்டும். நகராத அளவு இறுக்கம் போதும்; மிஞ்சினால் ரத்தக்குழாய்கள் அமுங்கி அளவு கெடும். சந்தேகம் வந்தால் விரலால் நாடி பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். துடிப்பு விட்டுவிட்டு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் பச்சை குத்தியிருக்கிறேன். வாட்ச் அடிக்கடி தானாகப் பூட்டிக்கொள்கிறதே?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: இது முன்னதற்கு நேர் எதிரான தவறு. அடர்ந்த மை ஒளியை விழுங்கிவிடுவதால், கையில் இருந்தும் கழற்றிவிட்டதாக வாட்ச் முடிவு செய்து பூட்டிக்கொள்கிறது. 2015-இல் ஆப்பிள் வாட்ச் முதன்முதலில் வந்தபோதும் பலர் இதே குறையைச் சொன்னார்கள். மறு கையில் கட்டிப் பாருங்கள்.