ஆண்டின் குறுகிய பகல் டிசம்பரில். நவம்பரிலேயே ஏன் வெள்ளன இருட்டுகிறது?

கேள்வி: ஐயா, என் மகள் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலிலிருந்து நல்லூருக்குச் சைக்கிளில் ரியூசன் போய் வருகிறாள். நவம்பரில் பின்னேர வகுப்பு முடிந்து வெளிக்கிடும்போதே இருட்டிவிடுகிறது. டிசம்பர் 21, 22இல்தான் பகல் மிகக் குறுகியது என்று அவளுடைய புத்தகத்தில் இருக்கிறது. அது கழிந்தால் விடியற்காலை வகுப்புக்காவது வெளிச்சத்தில் போகலாம் என்று பார்த்தால், ஜனவரியில் விடியல் இன்னும் பிந்துகிறது. புத்தகம் பிழையா? வகுப்பு நேரத்தை எப்படி மாற்றக் கேட்கலாம்?

பதில்: புத்தகமும் சரி, நீங்கள் கண்டதும் சரி. பகல் எவ்வளவு நீளம் என்பது ஒரு கணக்கு. அந்தப் பகல் கடிகாரத்தில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பது வேறு கணக்கு. புத்தகம் முதலாவதைச் சொல்கிறது. உங்கள் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது இரண்டாவதில்.

முதலாவதை விரைவாகப் பார்த்துவிடுவோம். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் பகலின் நீளம் மாறுகிறது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு 10 பாகை கூட வடக்கே இல்லை. அதனால் இங்கே அந்த மாற்றம் சிறியது: ஜூனில் நீண்ட பகல் சுமார் 12 மணி 41 நிமிடம், டிசம்பரில் குறுகிய பகல் சுமார் 11 மணி 33 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும்தான். லண்டனில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கோ டிசம்பரில் 8 மணித்தியாலப் பகல்கூடக் கிடைக்காது.

இனி இரண்டாவது. நவம்பர் 3ஆம் திகதியையும் பெப்ரவரி 8ஆம் திகதியையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு நாளும் யாழ்ப்பாணத்தில் பகல் ஒரே நீளம், ஏறக்குறைய 11 மணி 46 நிமிடம். ஆனால் நவம்பர் 3இல் சூரியன் 6.00 மணியளவில் உதித்து 5.46 அளவில் மறையும். பெப்ரவரி 8இல் 6.31க்கு உதித்து 6.17க்கு மறையும். பகல் நீளவுமில்லை, குறுகவுமில்லை. அப்படியே அரை மணித்தியாலம் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது.

இதைப் பிள்ளையே முற்றத்தில் செய்து பார்க்கலாம், செய்யவும் வேண்டும். ஒரு மீற்றர் உயரமான நேரான தடியைச் செங்குத்தாக ஊன்றி, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு நாட்களிலும் குறுகிய நிழல் 46 சென்ரிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆனால் நவம்பரில் அது 11.54 அளவில் விழும், பெப்ரவரியில் 12.24க்கு. வடகீழ்ப் பருவமழை மேகம் நவம்பரில் வெயிலை மறைத்தால், அடுத்தடுத்த நாட்களில் பார்த்தாலும் போதும். சில நாட்களில் நேரம் பெரிதாக மாறாது.

ஏன் இப்படி? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் எடுக்கிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், மறுபடி சூரியனுக்கு நேரே வர இன்னும் 4 நிமிடமளவு சுழல வேண்டும். இந்த மேலதிகச் சுழற்சி எல்லா நாளும் ஒன்றல்ல. ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட, 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அப்போது வேகமாகவும் ஓடுகிறது, ஆகவே அந்த மேலதிகச் சுழற்சி கூடுகிறது. அச்சின் சாய்வும் அதே காலத்தில் அதைக் கூட்டுகிறது. இரண்டும் சேர, டிசம்பர் கடைசியில் ஒரு மதியத்திலிருந்து (நிழல் மிகக் குறுகும் நேரத்திலிருந்து) அடுத்த மதியம் வர 24 மணித்தியாலமும் 30 விநாடியும் ஆகிறது. நமது கடிகாரம் அந்த 30 விநாடியைப் பார்ப்பதில்லை. அது நாள்தோறும் சேர்ந்து சேர்ந்துதான் அந்த அரை மணித்தியாலம்.

லண்டனிலும் இதே நகர்வு உண்டு. ஆனால் அங்கே பகலின் நீளம் மிக வேகமாக மாறுவதால் இது அமுங்கிப்போகிறது. அங்கே அஸ்தமனம் மிக முந்துவது டிசம்பர் 12 அளவில். நமக்கோ பகலின் நீளம் அந்தக் காலத்தில் அதிகம் அசைவதில்லை, ஆகவே நகர்வின் கைதான் ஓங்குகிறது. மிக முந்திய அஸ்தமனம் நவம்பர் நடுப்பகுதியிலேயே 5.45க்கு வந்துவிடும். மிகப் பிந்திய உதயம் ஜனவரி கடைசியில், 6.32 அளவில்.

(1996இல் அரசாங்கம் கடிகாரத்தை முன்தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் முன்னாலேயே வைத்திருந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்த ஜனவரிகளில் கடிகாரப்படி உதயமே 7 மணிக்குத்தான். 7.30 பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.)

சரி, வகுப்பு விடயம். நமது பக்கத்தில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே இறங்குவதால் அந்திவெளிச்சம் நெடுநேரம் நிற்காது. மறைந்து 20 நிமிடத்தில் ஒழுங்கையில் குழி தெரியாது. மழைமேகம் இருந்தால் அதற்கு முன்னரே. எனவே ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பின்னேர வகுப்பை 5.15க்கு முடித்துவிடக் கேளுங்கள். டிசம்பர் 31இல் அஸ்தமனம் 6 மணிக்கு வந்துவிடும், ஜனவரி கடைசியில் 6.15. அப்போது 5.30 வரை வைத்தாலும் பயமில்லை.

விடியல் வகுப்புக்கு இதை அப்படியே மாற்றிப் போட வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் 6 மணி வகுப்பு என்றால் பிள்ளை ஓரளவு வெளிச்சத்தில் வெளிக்கிடலாம். ஜனவரி, பெப்ரவரியில் அதே வகுப்புக்கு முழு இருட்டில் போக வேண்டும், 6.30க்குத் தள்ளச் சொல்லுங்கள். பாடசாலை நாளில் அதற்கு நேரம் காணாது என்றால், அந்த இரண்டு மாதமும் விடியல் வகுப்பைச் சனி, ஞாயிறுக்கு மாற்றுவதுதான் நல்லது என்பேன். சித்திரைப் புத்தாண்டளவில் உதயம் 6 மணிக்குத் திரும்பிவிடும். அதுவரை சைக்கிளுக்கு முன் லைற்றும் பின்னால் சிவப்பு லைற்றும் கட்டாயம் இருக்கட்டும். டைனமோ மட்டும் என்றால் சைக்கிள் நின்றவுடன் அணைந்துவிடும், ஆகவே பற்றரியில் எரிவதாகப் பார்த்து வாங்குங்கள்.