இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் விமானத்தைக் கண்டு ஏன் அவ்வளவு பயந்தன? தண்ணீருக்குள் போய்விட்டால் தப்பிவிடலாமே?

போய்விட்டால் தப்பலாம்தான். போவதற்கு ஆகும் அந்த அரை நிமிடம்தான் பிரச்சினை.

போன வருடம் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் பழைய நீர்மூழ்கி ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்க்கப் போனேன். அறைக்கும் அறைக்கும் நடுவில் வட்டக் கதவு. ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, உடம்பைச் சுருக்கித்தான் நுழைய வேண்டும். எனக்கு முன்னால் போன பெரியவருக்கு ஒரு கதவைத் தாண்டவே பத்து விநாடி ஆனது. உலகப் போரில் ஓடிய ஜெர்மானிய நீர்மூழ்கிகளான யூ-போட்டுகள் அதைவிடச் சிறியவை. படகு மேலே ஓடும்போது அதன் கோபுரத்தில் நாலு பேர் ஆளுக்கொரு திசையாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். விமானம் தெரிந்ததும் ஏணியில் சறுக்கி இறங்கி, மூடியைச் சாத்தி, படகு முழுதாக மூழ்க ஏறத்தாழ 30 விநாடி. அதற்குள் விமானம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும்.

சரி, எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கலாமே என்றால், முடியாது. உள்ளே பேட்டரியில்தான் ஓட்டம்; மெதுவாகப் போனாலே சுமார் 80 கடல் மைல்தான் தாங்கும். ரோந்தில் பெரும்பொழுது மேலேதான் கழியும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. விமானத்திலிருந்து போடும் ஆழக் குண்டுகள் முதலில் சுமார் 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. படகு அதற்குள் ஆழத்துக்குப் போயிருக்கும் என்பது கணக்கு. பிரிட்டிஷ் இயற்பியலாளர் பிளாக்கெட்டின் ஆய்வுக் குழுவில் இருந்த இ. ஜே. வில்லியம்ஸ் தாக்குதல் அறிக்கைகளை எடுத்துவைத்து யோசித்தார். ஆழத்துக்குப் போன படகு எங்கே திரும்பியது என்று யாருக்குத் தெரியும்? இடம் சரியாகத் தெரிவது மேலே நிற்கும் படகும், இப்போதுதான் தலை மறைந்த படகும்தான். குண்டோ அவற்றுக்கு வெகு கீழே போய் வெடித்துக்கொண்டிருந்தது! கடைசியில் 25 அடிக்கு மாற்றினார்கள். புது ஆயுதம் எதுவும் இல்லை, ஓர் எண்ணை மாற்றியதுதான். பலன் பல மடங்கு கூடியது. (அந்த பிளாக்கெட்தான் பின்னாளில் நேருவுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொன்னவர்.)

அப்புறம் இரவு தந்த பாதுகாப்பும் போனது. ராடார் விமானத்தைப் படகுக்குக் கிட்டே கொண்டுவந்து விடும். கடைசி ஒரு மைலில் கடல் அலைகளின் எதிரொலியில் இலக்கு மறைந்துவிடும். அந்த நேரத்தில் விமானத்தின் அடியிலிருந்து 'லீ லைட்' என்ற தேடுவிளக்கு எரியும். 1942 ஜூனில் இது நடைமுறைக்கு வந்தது. பேட்டரி ஏற்ற இருட்டில் மேலே வந்தவர்களுக்கு, திடீரென்று கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்.

1943 மே மாதத்தில் மட்டும் விமானங்களும் காவல் கப்பல்களுமாக ஏறத்தாழ 40 யூ-போட்டுகளை அழித்தன. 19-ஆம் தேதி மூழ்கிய யூ-954-இல் ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகன் பீட்டரும் இருந்தான். 24-ஆம் தேதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக் கப்பல் பாதைகளிலிருந்து தன் படகுகளை விலகச் சொன்னார்.