டிஜிட்டல் கேம் யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய கணினி கேம்களில் பாதியை இப்போது தொடுவதே இல்லை. அவற்றை யாருக்காவது விற்க முடியுமா?

முடியாது. பணம் கொடுத்து நீங்கள் பெற்றது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. அதைப் பிறருக்கு மாற்றித் தர ஸ்டீமின் ஒப்பந்தம் இடம் தருவதில்லை. கணக்கோடு சேர்த்து விற்றுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அதுவும் விதிமீறல்தான். கணக்கு முடக்கப்பட்டால் வாங்கியவர் பணத்தை இழந்து நிற்பார். கேம் பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கும்போதே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: டிஸ்க்கை விற்கலாம், டவுன்லோடை விற்கக் கூடாது. இது என்ன நியாயம்?

இதே கேள்வி ஐரோப்பிய நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் அலைந்தது. கால வரம்பில்லாத உரிமத்துடன் விற்ற மென்பொருளை, டவுன்லோடாகவே இருந்தாலும், வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று 2012-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அதே வழியில், ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிராக ஒரு பிரெஞ்சு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் கேம் வாங்கியவர்கள் பக்கம் நின்றது. ஆனால் 2022-இல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது. 2024 அக்டோபரில் பிரான்ஸின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கேம் என்பது வெறும் மென்பொருள் அல்ல, இசையும் ஓவியமும் கதையும் சேர்ந்த படைப்பு; டிஜிட்டல் பிரதி தேய்வதும் இல்லை, ஆகவே பழையதும் புதியதும் ஒன்றே என்பது இந்த நீதிமன்றங்களின் வாதம். தேயாது என்பது உண்மைதான். ஆனால் மறுவிற்பனை உரிமையைக் கழித்துவிட்டுத் தரும் பொருளுக்கு டிஸ்க்கின் விலையையே கேட்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

கேள்வி: நிண்டெண்டோவின் கேம் கருவியான ஸ்விட்ச் 2-க்குக் கேமைக் கார்டாக வாங்கினால் கவலை இல்லைதானே?

பெட்டியின் முன்பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். சாவிப் படம் போட்ட பட்டை இருந்தால், கார்டுக்குள் கேம் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட கார்டையும் விற்கலாம், இரவல் தரலாம். இறக்கித் தரும் சர்வர் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு.

கேள்வி: சர்வரை நிறுத்திவிட்டால் நாம் கொடுத்த பணம்?

பெரும்பாலும் போனதுதான். யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார்ப் பந்தய கேம். தனியாக விளையாடவும் சர்வர் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தவர்கள்கூட விளையாட முடியாமல் போனது. அதில் எழுந்த கோபம்தான், கேம்களை இப்படிச் சாகடிக்கக் கூடாது என்ற ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளாகத் திரண்டது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை மட்டும் விற்கும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்க முடியாது. பறிபோவதை இது தடுக்காது. வாங்குகிறவர் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவார், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் எங்கேதான் வாங்குவது?

கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் கோப்பாகவே கேம் கிடைக்கிறது. அதையும் மறுவிற்பனை செய்ய அனுமதியில்லை. ஆனால் வாங்கிய அன்றே இறக்கி, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டால், நாளைக்குத் தளமே மூடப்பட்டாலும் தனியாக ஆடும் கேம்கள் உங்களிடம் ஓடும்.