வாய்க்கால் முறிவும் பூமி நடுக்கமும்: கேட்டவைக்கு என்ரை பதில்

பழைய பூமி நடுக்கங்களை நிலத்தைப் பாத்து எப்பிடி எண்ணுறவை எண்டு போன கிழமை எழுதினன், கேள்வி குவிஞ்சுபோச்சு. கனகாலம் புவியியல் படிப்பிச்ச ஆள் நான், சாத்திரி இல்லை.

கொக்குவில் மாணவி: சேர், பிளவுக்கோட்டிலை (நடுக்கத்திலை நிலம் பிரிஞ்சு விலகுற கோடு) வாய்க்கால் எத்தினை தரம் முறிஞ்சிருக்கோ அத்தினை நடுக்கம் எண்டு எழுதலாமோ?

எழுதாதேங்கோ பிள்ளை. எங்கட வழுக்கியாறு மாரிக்கு மட்டும்தானே ஓடுது, அதுக்குக் குறுக்கால ஒரு பிளவுக்கோடு போகுது எண்டு சும்மா வையுங்கோ (உண்மையா இல்லை, பயப்பிடாதேங்கோ). நிலம் ஒருக்கா நாலு மீற்றர் பக்கவாட்டிலை விலகினா வாய்க்காலும் நாலு மீற்றர் முறிஞ்சு நிக்கும். பேந்து ஒரு பெருமழை வந்து புது வாய்க்கால் ஒண்டை நேர வெட்டிவிட்டாத்தான் அடுத்த நடுக்கத்துக்கு எண்டு தனி அடையாளம் விழும். மழைக்கு முந்தி ரெண்டாவது நடுக்கமும் வந்திட்டா? அதே பழைய வாய்க்கால் எட்டு மீற்றர் முறிஞ்சு நிக்கும், நாங்களும் போய் அளந்துபோட்டு ஒரே அடியிலை எட்டு மீற்றர் எண்டு எழுதிவைப்பம்.

இது கலிஃபோர்னியாவிலை உண்மையா நடந்தது. சான் அன்ட்ரியாஸ் பிளவிலை, கரிசோ சமவெளியிலை வொலஸ் ஓடை எண்டு ஒண்டு, கிட்டத்தட்ட 3,700 வருசத்திலை 130 மீற்றர் விலகியிருக்கு, வருசத்துக்கு 34 மில்லிமீற்றர் மாதிரி. அங்க 1857 நடுக்கத்திலை 9 மீற்றர் விலகினது எண்டுதான் கனகாலம் சொன்னவை. 2010இலை லேசரால அளந்து பாத்தா 5 மீற்றர் அளவுதான். வருசத்துக்கு 34 மில்லிமீற்றர் எண்ட கணக்கிலை, ஒருக்கா 9 மீற்றர் எண்டா 260 வருசத்துக்கு ஒருக்கா நடுக்கம், 5 எண்டா 150க்கு ஒருக்கா. வீடு கட்டுறவனுக்கு இது சின்ன வித்தியாசமோ?

நல்லூர்: யாழ்ப்பாணத்துக்குப் பெரிய நடுக்கம் வருமோ?

பூமியின்ரை மேலோடு பெரிய தட்டுகளாப் பிரிஞ்சு கிடக்கு, நாங்கள் எங்கட தட்டின்ரை விளிம்பிலை இல்லை, நடுவிலை. அதுக்காக ஒண்டுமே வராது எண்டும் இல்லை, 1615இலை கொழும்பு ஆடினது.

புத்தூர்: நிலாவரை நிலம் வெடிச்சு வந்த கிணறு எண்டு அப்பு சொல்லுறவர்.

வெடிப்பு இல்லை தம்பி. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லைக் கரைச்சு, மேல்கூரை இடிஞ்சு விழுந்த குழி. படத்திலை பள்ளத்தைக் கண்டவுடனை நடுக்கம் எண்டு சொல்லாதேங்கோ, நூறுதரம் சொல்லியாச்சு.

ஸ்காபரோ அண்ணை: எல்லாப் பழியையும் மழையிலை போடுறியள். பிளவுக்கோட்டுக்குக் குறுக்கால கிடங்கு வெட்டி மண்படையளைப் பாத்தா எல்லாம் தெரியும்தானே?

அண்ணை, கிடங்குக்கையும் மழைதான் நிக்குது. ரெண்டு நடுக்கத்துக்கு இடையிலை வெள்ளம் வந்து ஒரு படை மண் போட்டாத்தான் ரெண்டையும் பிரிச்சு எண்ணலாம், இல்லாட்டி ஒரே படையிலை ரெண்டு முறிவும் ஒண்டாக் கிடக்கும்.

ஸ்காபரோ அண்ணை: அப்ப மழை கூடின இடத்திலை கணக்குச் சரியா வரவேணும்!

அதுவும் இல்லை, கூடினா அழிச்சுப்போடும். 1934 நேபாள-பீகார் நடுக்கம் மேல்நிலத்தை உடைச்ச இடத்தைக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட 80 வருசம் போச்சு, பருவமழையும் ஆத்துமண்ணும் காடும் மூடிப்போட்டுது. 1819 கட்ச் நடுக்கத்திலை எழும்பின அல்லாபந்து மேடு உப்புப் பாலைநிலத்திலை இண்டைக்கும் நிக்குது, அதையும் 1826இலை சிந்துநதி வெள்ளம் ஒரு இடத்திலை வெட்டிக்கொண்டு போனது. மழை கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. மழை எப்ப வந்தது எண்டு தெரியாமல் முறிவை மட்டும் எண்ணாதேங்கோ எண்டுதான் கத்துறன்.

ஸ்காபரோ அண்ணை: மண்படைக்குள்ளை கிடக்கிற கரித்துண்டிலை வயசு பாத்தா?

பாக்கலாம். ஆனா கரி வேறை எங்கையோ கன வருசம் கிடந்திட்டு வெள்ளத்தோடை வந்து சேரும், அப்ப படை உண்மையான வயசைவிடப் பழசு மாதிரிக் காட்டும். அதுவும் மழைதான் அண்ணை, கோவிக்காதேங்கோ.

மானிப்பாய்: சேர், யாழ்ப்பாணத்துக்கு நடுக்கம் வருமோ?

மேலை நல்லூருக்குச் சொன்னதை வாசியுங்கோ.

பருத்தித்துறை: அப்ப 2004 சுனாமி?

அது சுமாத்திராவிலை கடலுக்கடியிலை உடைஞ்சது, 1,500 கிலோமீற்றருக்கு அங்காலை. இஞ்சத்தை வாய்க்கால் ஒண்டும் முறியேல்லை.

சுன்னாகம்: எங்களுக்கு நடுக்கம் வ

நல்லூர்.