வாசகர் கேள்வி நேரம்: டான்யூப் கரையில் ரேகன்ஸ்பர்க்

கேள்வி: என் மகளுக்கு ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆற்றோரப் பட்டணம் என்கிறார்கள். வெள்ளம் வருமா? அறையை எந்தப் பக்கம் பார்ப்பது?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வரும், அம்மா. டான்யூப் ஆறு தன் ஓட்டத்தில் ஆக வடக்கே எட்டிப்பார்க்கும் இடம் இது. நகரின் மேற்கே நாப் ஆறும், நகருக்குள்ளேயே ரேகன் ஆறும் அதில் வந்து கலக்கின்றன. நமக்கு ஆண்டுக் கடைசியில்தான் மழை பயம். அங்கே மே, ஜூனில். மலைப் பனி உருகி ஆறு நிறைந்திருக்கும் நேரத்தில் நாலு நாள் விடாமல் மழை பிடித்தால் போதும். 2013 ஜூனிலும் 2024 ஜூனிலும் அப்படித்தான் நடந்தது. 2024இல் பேரிடர் நிலையே அறிவித்தார்கள்.

வெள்ளம் ஏறும்போது கரையில் தற்காலிகத் தடுப்புச் சுவர் மாட்டுவார்கள். ஆனால் தரைக்கு மேலே வரும் தண்ணீரைத்தான் அந்தச் சுவர் நிறுத்தும். நிலத்தடி நீர் அடியால் ஏறி, நிலவறைத் தரை வழியாகக் கசியும். அங்கே பல வீடுகளில் சலவை இயந்திரம், சைக்கிள், பெட்டி எல்லாம் நிலவறையில்தான் இருக்கும். ஆகவே ஸ்டாட்டாம்ஹோஃப் பகுதியிலும், வோர்ட் என்று பெயர் முடியும் ஆற்றுத் தீவுகளிலும் கீழ்த்தள அறை மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாமல், 2013இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் தெற்கே மேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் அறை கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அறை கிடைத்ததும் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியமர்வு உறுதிச் சான்று வாங்க வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரி பதிய அது கட்டாயம். முகவரிப் பதிவு இல்லாமல் வசிப்பு அனுமதி வேலை நகராது. 'பதிவெல்லாம் வேண்டாம், தங்கிக்கொள்' என்று சொல்லும் அறையை, வாடகை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடலாம்.

விசா விஷயத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 90 நாள் விசா வேண்டாம் என்பது சுற்றிப்பார்க்க மட்டும். அப்படிப் போய், அங்கே மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது. கோலாலம்பூரில் உள்ள ஜெர்மன் தூதரகத்தில் முன்கூட்டியே மாணவர் விசா எடுக்க வேண்டும். அதற்கு முடக்கக் கணக்கில் (முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் அளவாக மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஓர் ஆண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். தொகை அவ்வப்போது உயரும், விண்ணப்பிக்கும் வாரத்தில் மறுபடி பாருங்கள். 2023 முதல், ரேகன்ஸ்பர்க் இருக்கும் பவேரிய மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வாங்குகிறது. மகளின் பாடத்துக்கு உண்டா இல்லையா என்று எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி: அடுத்த ஆண்டு மூனிக் போகிறோம். ஒரே நாளில் ரேகன்ஸ்பர்க்கைப் பார்த்துத் திரும்ப முடியுமா? மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம்.
- ஒரு வாசகர், அதே ஊர்

பதில்: முடியும். ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். குடும்பமாகப் போனால் பவேரியா டிக்கெட் (அந்த மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் ரயில் டிக்கெட்) வாங்குங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், அதிவேக ரயிலுக்குச் செல்லாது. டிக்கெட்டில் பெயர் எழுதாமல் உட்கார்ந்தால் பரிசோதகர் 60 யூரோ வரை தண்டம் போடலாம். பேனா கையோடு இருக்கட்டும்.

நேராகக் கல்பாலத்துக்குப் போங்கள். 1135இல் தொடங்கி 1146இல் முடித்தது. தூண்களைக் காக்க அடியில் படகு வடிவில் கல்மேடு கட்டியிருக்கிறார்கள். அவை ஆற்றை நெருக்குவதால், வளைவுகளுக்கு இடையே தண்ணீர் சீறிச் சுழல்வதை மேலே நின்றே பார்க்கலாம். அந்தச் சுழலில் சரக்குக் கப்பல் போக முடியாது என்பதால் வடக்கே தனிக் கால்வாயும் மதகும் வெட்டினார்கள். பாலத்தில் கார் கிடையாது, நடப்பவரும் சைக்கிளும்தான்.

பழைய நகரம் 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1943இல் குண்டு வீசியவர்களின் குறி மேற்கே இருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலை. அதனால் நகர மையம் பெரும்பாலும் தப்பியது. கி.பி. 179இல் எழுந்த ரோமானியக் கோட்டையின் வாசல் ஒன்று இன்னும் வீட்டுச் சுவரோடு சுவராக நிற்கிறது. வானியலாளர் கெப்ளர் 1630இல் இறந்ததும் இங்கேதான். பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும்.

நேரம் மிஞ்சினால் படகில் வால்ஹல்லா போகலாம். 1842இல் திறந்த கிரேக்கப் பாணி மண்டபம், ஆற்றுப் பக்கத்திலிருந்து 358 படி. முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம்.

பாலத்தடியில் கரி அடுப்பில் சுடும் சின்னத் தொத்திறைச்சிக்கு எப்போதும் கூட்டம். அது பன்றி. மற்ற கடைகளில் 'ரிண்ட்' என்றால் மாடு, 'ஷ்வைன்' என்றால் பன்றி, 'ஹூன்' என்றால் கோழி. சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கக்கூடும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, சனிக்கிழமை இரவு 8 மணிக்கே பேரங்காடியும் மூடிவிடும். தண்ணீர்ப் போத்தலை வீசிவிடாதீர்கள்: ஒன்றுக்கு 25 யூரோ சென்ட் வைப்புத் தொகை, பேரங்காடி இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். போத்தலை நசுக்கினால் இயந்திரம் ஏற்காது.