கோடு போடுவதற்கு முன்பே கேளுங்கள்

அன்பின் ஐயா,

நெருக்கமாக வீடுகள் அமைந்த எங்கள் தோட்டம் மட்டக்குளியில். குடும்பங்கள் பெருகிவிட்டன, மழை பெய்தால் வடிகான் நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அண்மையில் அபிவிருத்தித் திட்டம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். வரைபடத்தைத் திரையில் காட்டி, சிங்களத்தில் விளக்கி, கையொப்பம் வாங்கி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போவதில் பயன் உண்டா?

ஒரு வாசகி, கொழும்பு 15

அன்பின் சகோதரி,

கட்டாயம் போங்கள். தனியாகவும் வெறுங்கையோடும் மட்டும் போகாதீர்கள்.

நீங்கள் சொல்வதைக் கலந்தாலோசனை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதே கொழும்பில் வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையினர் தோட்டங்களுக்கே வந்து, இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார்கள். முதலில் பைப்பா, கானா, மலசலகூடமா, பாதை எவ்வளவு அகலம் என்பதையெல்லாம் குடியிருந்தவர்களோடு சேர்ந்தே முடிவுசெய்தார்கள். கிணறு, கான் போன்ற சிறு வேலைகளின் ஒப்பந்தம்கூடக் குடியிருந்தவர்களின் சமூக அபிவிருத்திச் சபைகளுக்குக் கிடைத்தது.

எந்தச் சுவர் எழும்பிய பிறகு தண்ணீர் தேங்கத் தொடங்கியது என்பது உங்கள் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். வரைபடத்தில் அது இராது. உங்களைத் தொடர்மாடி வீடுகளுக்கு மாற்றுவதானால் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா எங்கே அடுப்பு வைப்பார், ஓட்டோவை எங்கே நிறுத்துவது? கோடு போட்ட பிறகு கேட்டால் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்ல மக்கள் அங்கிருந்த குப்பைமேட்டைப் பற்றி வருடக்கணக்காக முறையிட்டார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. குறிப்பிட்ட பெறுமதிக்கு மேற்பட்ட கருத்திட்டமானால், வேலை தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பிரதி கேட்கத் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு தோட்டத்தைச் சுற்றி நடந்து, கான் நிரம்பும் இடங்களை ஒரு தாளில் குறியுங்கள். அக்கம்பக்கத்துச் சிங்கள, முஸ்லிம் குடும்பங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. எல்லோரும் கையொப்பமிட்டு அந்தத் தாளைக் கொடுங்கள், உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் திகதியும் வாங்காமல் எழும்பாதீர்கள்.